பாகம் பிரித்த இரட்டைப் படம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில், பழைய போட்டோக்களுக்கு நடுவே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'படக் காப்பாளர்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பக்கத்தில் நிற்கும் என் மனைவி, "செத்தவங்க போட்டோவுக்குத் தூசி தட்டுதாவ" என்று அதைத் தமிழில் விளக்குவாள். அவள் சொல்வதுதான் எல்லோருக்கும் புரியும்.

நாங்கள் சேகரித்தவை சாதாரணப் படங்கள் அல்ல. ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் ஒட்டியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று இடது கண் பார்க்கிற இடத்திலிருந்தும், மற்றது வலது கண் பார்க்கிற இடத்திலிருந்தும் எடுத்தவை. இரண்டு கண்ணாடி வில்லை வைத்த கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டும் விழும். அட்டையைக் கைப்பிடி வைத்த ஒரு பார்வைக் கருவியில் செருகி முகத்தோடு சேர்த்துப் பிடித்தால், தட்டையாகக் கிடந்த ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பொத்தான் தனியாகத் துருத்தி நிற்கும். மீசைக்குக் கீழே நிழல் விழும். பின்னால் இருக்கிற திரைச்சீலை நாலடி தள்ளிப் போய்விடும்.

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை.

சிறு வயதில் எனக்கு மாறுகண். ஒரு கண் பாளையங்கோட்டையைப் பார்த்தால் மற்றது திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் வருகிறதா என்று பார்க்கும். பிறகு அறுவை செய்து நேராக்கினார்கள். வெளித்தோற்றத்துக்குச் சரியாகிவிட்டது. உள்ளே, இரண்டு கண்ணும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டன. ஒரே முகத்தில் இருப்பார்கள், சேர்ந்து ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். ஒன்று பார்க்கும்போது மற்றது சும்மா இருக்கும். இரட்டைப் படத்துக்கோ இரண்டும் சேர்ந்தாக வேண்டும்.

ஆகவே, அல்வா ஆகாத உடம்புக்காரனை அல்வாக் கடையில் உட்கார வைத்த மாதிரி என் உத்தியோகம்.

இப்போது காப்பகத்தில் எல்லா அட்டைகளையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள். தலையில் தொப்பி போல மாட்டிக்கொண்டு பார்க்கும் கருவி வந்திருக்கிறது. பொறுப்பில் இருக்கும் அம்மணி என்னை அழைத்து, அதை என் தலையில் மாட்டி, "சார், இப்பவாவது தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "சரி, நீங்க இதெல்லாம் எப்படிச் சேர்த்தீங்கன்னாவது எழுதித் தாங்க" என்றார். தொப்பி போட்டு நிற்பதைவிட எழுதுவது தேவலை என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஜெபமணி டீச்சர். பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தியவர். அப்பா விட்டுப்போன வீட்டையே காப்பகமாக்கி, நாலு பெரிய மனிதர்களைச் சேர்த்து ஓர் அறக்கட்டளையும் வைத்திருந்தார். நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, பார்வைக் கருவியில் ஓர் அட்டையைச் செருகிக் கையில் கொடுத்தார். "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

எனக்கு இரண்டு தாடிக்காரர்கள் தெரிந்தார்கள், மாறி மாறி. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. "ஆஹா டீச்சர்! மூக்கு அப்படியே கையில பிடிக்கிற மாதிரில்லா வருது!" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது ஒரே படத்த ரெண்டு தடவ ஒட்டுன அட்டை. அதுல மூக்கு வராது" என்றார்.

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பிறகு என் கண்ணின் கதையைச் சொல்லி, "அடுப்பு எரியணும் டீச்சர், அதான்" என்றேன்.

"ஒனக்கு முன்னால வந்தவங்களும் மூக்கு வருதுன்னுதான் சொன்னாங்க. ஏன் சொன்னேன்னு காரணம் சொன்னவன் நீ ஒருத்தன்தான். திங்கக்கிழமை வா."

"எனக்குத்தான் தெரியாதே டீச்சர்?"

"தெரிஞ்சவங்க எல்லாரும் படத்துக்குள்ள போயிருதாங்க முத்தையா. கூப்பிட்டாலும் வர மாட்டேங்காங்க. வெளிய நின்னு அட்டையப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்லா?"

அன்று கிடைத்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அடுப்பும் எரிந்தது.

முதல் சில வருஷங்கள் தூசி தட்டியதில் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தும்மலைத் தவிர. ஆனால் டீச்சரின் முறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். படத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி, துடைக்காமல், ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காய்கிறவரை நிற்பார். துடைத்தால் துண்டின் பஞ்சு ஒட்டுமாம். அந்த நேரத்தில் தபால்காரர் வந்தால் பாவம், டீச்சர் சரணடைந்து நிற்கிறார் என்று பயந்துபோவார். கை காய்ந்ததும் அட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்து, முதலில் முதுகைப் பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். ஈரவாடை இருந்தால் அது தனிப் பெட்டிக்குப் போகும். முகங்களைக் கடைசியில்தான் பார்ப்பார். நான் எது செய்தாலும் "இருக்கட்டும்" என்பார். சரியாகச் செய்தாலும் அதுதான், கெடுத்தாலும் அதுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னால் பாராட்டு. கழற்றிவிட்டுச் சொன்னால் அன்றைக்கு நான் மத்தியானமே லீவு.

அப்படி ஒருமுறை கழற்றினார். களக்காட்டிலிருந்து ஒரு பண்ணையார் வீட்டுப் பேரன், முப்பாட்டனாரைப் பார்க்க வந்திருந்தார். தனித்தனியாகக் கழன்றிருந்த இரண்டு படங்களை நான் இடம் மாற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். முன்னால் இருப்பது பின்னே போகும், பின்னால் இருப்பது முன்னே வரும். பேரன் ஒரு அலறு அலறினார். புகழ்பெற்ற பண்ணையார் தொந்தி சட்டியைப் போல உள்ளே குழிந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் அவரை முட்டிக்கொண்டு முன்னே வந்துவிட்டதாம். எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுக்குத் தொந்தி அங்கேயேதான் இருந்தது. அன்றிலிருந்து இடது படத்தின் முதுகில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன்.

படம் கேட்டு ஒரு வீட்டுக்குப் போவதற்கும் டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் தடவை போகும்போது படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து, "இவங்க யாரு?" என்று மட்டும் கேட்க வேண்டும். முக்கியமாக, சுவரிலிருந்து படத்தை நாம் இறக்கக் கூடாது. "அவங்க கையால எறக்கணும். நாம எறக்குனா அது களவு" என்பார்.

படம் எடுத்தவர்களையும் தேடினோம். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் நாற்காலிதான் அடையாளம், ஏனென்றால் ஒவ்வொரு போட்டோக்காரரும் ஒரே நாற்காலியில்தான் ஊரையே உட்கார வைத்திருப்பார். அப்படி ஒருவருக்கு நாங்கள் 'கொக்கு நாற்காலிக்காரர்' என்று பேர் வைத்திருந்தோம். அவர் நாற்காலியின் இரண்டு கையிலும் மரத்தில் செதுக்கிய கொக்குத் தலை, ஒரு கொக்குக்கு அலகு உடைந்திருக்கும். அவருடைய சொந்தப் பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. டீச்சருக்கு அவர்மேல் தனிப் பிரியம். "மத்தவங்க ஆளுகள வரிசையா நிறுத்துவாங்க. இவரு முன்னயும் பின்னயுமா உக்கார வைப்பாரு. அவருக்குத்தான் இந்தக் கேமரா எதுக்குன்னு தெரிஞ்சிருக்கு" என்பார். நான் தலையாட்டுவேன். எனக்கு எல்லாம் வரிசையாகத்தான் தெரியும்.

அந்தக் கொக்குதான் எங்கள் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஒரு காரியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

சேரன்மகாதேவியிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார், எழுபதைத் தாண்டியவர். துண்டில் சுற்றி ஒரு சட்டம் போட்ட படம் கொண்டுவந்தார். நடுவே கொக்கு நாற்காலியில் அவருடைய தாத்தா. பின்னால் நிற்பவர்கள் தாத்தாவின் இரண்டு மகன்கள். ஓரத்தில் மூத்த மருமகள், அவள் மடியில் ஒரு குழந்தை. குழந்தைதான் அண்ணாச்சி. அந்த மருமகள் அவருடைய அம்மா. அடுத்த பிரசவத்தில் போய்விட்டாள், இவருக்கு நினைவு தெரிவதற்கு முன்பே. வேறு படம் கிடையாது.

இந்தப் படத்திலும் முகம் கிடையாது. படத்துக்குக் கண்ணாடி போடுவதற்கு முன் வருஷக்கணக்கில், ஒவ்வொரு திதிக்கும் வீட்டுப் பெண்கள் அவள் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள், தாளின் மேலேயே. சந்தனம் காய்ந்து உதிரும்போது படத்தின் தோலையும் உரித்துக்கொண்டு போயிருக்கிறது. சேலை மடிப்பு தெரிகிறது, கை தெரிகிறது, குழந்தை சிரிக்கிறது. கழுத்துக்கு மேலே வெள்ளைத் திட்டு.

"கண்ணுல அழுத்தம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "ஓரத்திலேர்ந்து இருட்டிக்கிட்டு வருது. கொஞ்ச காலத்துல முழுசா அடைச்சிருமாம். அதுக்குள்ள எங்கம்மா மொகத்த ஒருக்கா பாத்திரணும். வரஞ்சு கிரஞ்சு ஏதும் செய்ய முடியுமா?"

"இல்லாத மொகத்த வரைய மாட்டோம். இருக்கிற மொகத்தத் தேடுவோம்" என்ற டீச்சர், படத்தின் வலது ஓரத்தில் விரல் வைத்தார். "இத யாரு வெட்டுனது?"

அண்ணாச்சி சொன்ன கதை இது. தாத்தா இறந்ததும் மகன்கள் இரண்டு பேரும் பாகம் பிரித்தார்கள். வயல், தோப்பு, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் நேர்பாதி. கடைசியில் இந்த அட்டை வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பார்த்தார்கள். ஒரே படம் இரண்டு இருக்கிறது. இதைவிட வசதியான சொத்து உண்டா? தையல்காரர் கத்தரிக்கோலை வாங்கி நடுவே வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் வருத்தமில்லாமல் பிரிந்த சொத்து அது ஒன்றுதானாம்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கட்டும்" என்றார்.

வெட்ட முடியாமல் போனது வாசல் கதவு. சித்திர வேலை செய்த கதவு. இளையவர் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றி ஏரலுக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. இப்போது அந்தப் பாதிப் படம் இளையவரின் மகன் நெல்லையப்பனிடம் இருக்கிறது, ஏரல் பஜாரில் பலசரக்குக் கடை. அண்ணாச்சி அவரோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

நான் ஏரலுக்குப் போனேன். கடை வாசலில் சித்திரக் கதவு. கல்லாவுக்கு மேலே படம். முறைப்படி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இவங்க யாரு அண்ணாச்சி?" என்றேன்.

நெல்லையப்பன் வெல்லத்தை நிறுத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படத்துக்கு வந்தீரா, கதவுக்கு வந்தீரா?"

"படத்துக்குத்தான்."

"மொதல்ல படம்னுதான் வே சொல்லுவாவ. சேரமாதேவியில எங்க அண்ணன் ஒருத்தரு இருக்காரு, தாசில்தாரு. இன்னைக்குப் படத்த வாங்குவாரு, நாளைக்குக் கதவுக்குப் பட்டா வாங்கிருவாரு. போய்ச் சேரும்."

போவதற்குமுன் படத்தை நன்றாகப் பார்த்தேன். தாத்தா, இரண்டு மகன்கள். அவ்வளவுதான். மருமகளும் இல்லை, குழந்தையும் இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை வந்து, "அந்தப் பாதியில அம்மாவே இல்ல டீச்சர்" என்றேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்தது. இதுல உக்காந்திருக்கவ அதுல எந்திரிச்சுப் போயிருக்க மாட்டா" என்றார் டீச்சர். "படத்தச் சுத்தி அட்டை ஏதும் இருக்கா?"

இருந்தது. நடுவே முட்டை வடிவத்தில் ஓட்டை வெட்டிய அகலமான ஓர் அட்டை. தாத்தா எடுப்பாகத் தெரியட்டும் என்று சட்டம் போட்ட கடைக்காரர் வைத்துக் கொடுத்திருப்பார்.

"அப்போ அதுக்கு அடியில இருக்கா. நீ மறுபடி போ. படத்தக் கேக்காத. அவரையே கொண்டுவரச் சொல்லு."

மறுபடி போனேன். "நீங்க தர வேண்டாம் அண்ணாச்சி, கொண்டுவந்து காட்டிட்டுக் கொண்டு போங்க. ரெண்டு பாதியையும் சேத்து வச்சுப் பாத்தா உங்க தாத்தா உயிரோட எந்திரிச்சு உக்காருவாரு" என்றேன்.

"நீரு பாத்தீரா?"

"இல்ல."

"வேற யாரு தாத்தாவையாச்சும்?"

"யாரு தாத்தாவையும் பாத்ததில்ல. எனக்கு மாறுகண்ணு. ரெண்டும் சேராது."

நெல்லையப்பன் தராசைக் கீழே வைத்துவிட்டார். "இதுதான் ஒமக்கு வேலையா? தெனமும் இதத்தான் ஊருக்குக் காட்டுதீரா?" சிரிப்பு தொந்தியில் ஆரம்பித்துத் தோளுக்கு ஏறியது. சாமான் வாங்க வந்தவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "ஏ, இங்கன வந்து பாருங்க! நீச்சல் தெரியாதவன் தோணி ஓட்டுத மாதிரில்லா இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒம்மால யாரையும் ஏமாத்த முடியாதுவே. வாரேன். ஆனா படம் என் கையவிட்டுப் போவாது, சொல்லிட்டேன்."

சொன்னபடி வந்தார். சேரன்மகாதேவிக்கும் ஏரலுக்கும் நடுவில்தான் பாளையங்கோட்டை. அதனால் யாரும் யார் ஊருக்கும் போனதாக ஆகாது. மேஜைக்கு இந்தப் பக்கம் சங்கரலிங்கம் அண்ணாச்சி, அந்தப் பக்கம் நெல்லையப்பன். இருவரும் டீச்சரிடம் மட்டும் பேசினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில் அவர்களுக்கிருந்த ஒழுங்கு என் கண்களுக்குக்கூட வராது.

டீச்சர் கையைக் கழுவிக் காய வைத்தார். பிறகு ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை நெல்லையப்பனிடம் நீட்டினார். "ஒங்க சட்டம். ஒங்க கையாலயே பைய ஆணியப் பிடுங்குங்க."

அவர் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். பின்பலகை வந்தது. செத்த பூச்சிகள் உதிர்ந்தன. டீச்சர் முட்டை அட்டையைத் தூக்கினார்.

நடுவில் தாத்தா மஞ்சளடித்து வெளிறிப் போயிருந்தார். அட்டைக்கு அடியில் வெளிச்சமே படாமல் இருந்த ஓரம் மட்டும் நேற்று எடுத்த மாதிரி கருகருவென்று இருந்தது. அங்கே ஒரு பெண் முகம். சின்ன வயசு. குனிந்து மடியைப் பார்க்கிறாள்.

மடி இல்லை. கழுத்துக்குக் கீழே, தோளும் சேலை ஓரமும் போக மீதியைப் பூச்சி தின்றிருந்தது. குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

நெல்லையப்பன் குறட்டைக் கையில் வைத்தபடியே, "எங்க பெரியம்மையா இது?" என்றார். "எங் கடையிலயா இருந்தா, இத்தன நாளும்?"

அண்ணாச்சி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "காட்டுங்க டீச்சர்."

"தனியாப் பாக்காதீங்க. சேத்துப் பாருங்க" என்று டீச்சர் பார்வைக் கருவியை அவர் கையில் கொடுத்தார். ஏற்கெனவே சட்டம் கழற்றியிருந்த அண்ணாச்சியின் பாதியை இடது பக்கம் செருகினார். வலது பாதிக்கு நெல்லையப்பனைப் பார்த்தார். அவர் படத்தை விடவில்லை. தானே எட்டிச் செருகி, செருகிய பிறகும் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு முனையில் அண்ணாச்சியின் முகம், மறு முனையில் தம்பியின் விரல். நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அண்ணாச்சி பார்த்தார். படம் சேரவில்லை. நெல்லையப்பனின் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, ஆட்டாதலே!" என்றார் அண்ணாச்சி.

வாழ்க்கையில் அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீரு எங் கை மேல மூச்ச விடாதீரும், நான் ஆட்டல" என்றார் நெல்லையப்பன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் கண்ணாடியில் கை வைத்தார். அடக்கிக்கொண்டேன்.

விரல் நின்றது. இப்படிப்பட்ட நேரங்களில் எதிரே நின்று பார்க்கிறவரின் முகத்தைப் பார்ப்பதுதான் என் வழக்கம். படம் சேர்கிற நொடி எனக்கு அங்கேதான் தெரியும். முதலில் புருவம் சுளிக்கும், பிறகு வாய் தானாகத் திறக்கும். அண்ணாச்சியின் வாய் திறந்தது. ஒரு பாதியில் இல்லாத முகத்தை மறு பாதி கொடுத்தது. மறு பாதியில் இல்லாத குழந்தையை இது கொடுத்தது. அவள் குனிந்து பார்ப்பது யாரை என்று தெரிந்துவிட்டது.

"முன்னால இருக்கா" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால இருக்கா டீச்சர். தாத்தாவுக்கும் முன்னால. ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்காங்கன்னுல்லா இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருந்தேன். தொட்டுரலாம் போல, இங்கன இருக்கா."

பேர் தெரியாத அந்தக் கொக்கு நாற்காலிக்காரர், பணம் கொடுத்த பெரியவரை நடுவே வைத்துவிட்டு, சபையில் இடமில்லாத சின்னப் பெண்ணை ஓரமாக, ஆனால் ஓர் எட்டு முன்னால் உட்கார வைத்திருக்கிறார். தட்டையாகப் பார்க்கிற எவனுக்கும் அது தெரியாது. என்னைப் போல.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே "இருக்கட்டும்" என்றார்.

காப்பகத்துக்கு அந்தப் படம் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு பாதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒருவர் மேற்கே, ஒருவர் கிழக்கே பஸ் ஏறிவிட்டார்கள். சேகரிக்கிறவனாக என் ஆயுளில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அதைவிடச் சந்தோஷமாக நான் வீட்டுக்குப் போன நாளும் இல்லை. எனக்குக் கிடைத்த வேலைக்கும், டீச்சருக்கும், அந்தக் கொக்குக்கும், சேராத என் கண்களுக்கும்கூட அன்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும், அந்த அம்மாவின் திதியன்று ஆற்றில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் தங்கள் பாதியோடு காப்பகத்துக்கு வருவார்கள். ஒருமுறை அண்ணாச்சி, "கதவு எப்படிலே இருக்கு?" என்று கேட்டார். "கரையான் தின்னுட்டுண்ணே. நெலை மட்டும் நிக்கி" என்றார் தம்பி. இரண்டு பேரும் அதற்கு அப்படிச் சிரித்தார்கள்.

அண்ணாச்சிக்குக் கண் முழுவதும் இருட்டிய பிறகும் வந்தார்கள். டீச்சர் இல்லாத முதல் வருஷம் அது. இம்முறை பார்வைக் கருவியை நெல்லையப்பன் முகத்தோடு வைத்துக்கொண்டார். அண்ணாச்சி தன் பாதியைத் தானே தடவிச் செருகி, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். கண் தெரியாத அவரும் கண் சேராத நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"சொல்லுலே. இன்னைக்கு எப்படி இருக்கா? சிரிக்காளா?" என்றார் அண்ணாச்சி. நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

"பொறும்ணே, பாத்துச் சொல்லுதேன்" என்றார் நெல்லையப்பன். "கைய ஆட்டாதீரும்."